தண்ணீர் தெளிவு என்று எழுதிய நாள்

அன்றைக்குக் காலையில் சின்னமனூரில் வானம் மூடிக் கிடந்தது. காயப்போட்ட துணியை எடுக்க மொட்டை மாடிக்குப் போன வேல்விழி மேகமலைப் பக்கம் பார்த்தாள். மலை இருந்த இடமே தெரியவில்லை. அவளுக்கு மனசு லேசாகிவிட்டது.

கம்பத்தில் அன்று சொர்ணலதாவுக்குக் கல்யாணம். கல்லூரி விடுதியில் மூன்று வருஷம் ஒரே அறையில் இருந்தவள். முகூர்த்தத்துக்கு வராவிட்டால் முகத்திலேயே முழிக்காதே என்று போனில் சொல்லியிருந்தாள். ஆனால் அன்றைக்கே செயற்கைக்கோளும் வருகிற நாள்.

வேல்விழி தாவரவியல் படித்துவிட்டு, மதுரையில் பேராசிரியர் பீட்டர்ராஜிடம் ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. நீரில் பாசி பெருகி நஞ்சாவதை ஆகாயத்திலிருந்து எடுக்கும் படத்தைப் பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. முதலில் ஓர் அணையில் பார்ப்பது, கைவந்தால் அதையே மன்னார் வளைகுடாவுக்கும் கேரளக் கடற்கரைக்கும் கொண்டுபோவது என்று திட்டம் வைத்திருந்தார். அதற்காக அவர் பிடித்த அணை, தேவதானப்பட்டிக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருந்த ஈச்சம்பாறை அணை.

செயற்கைக்கோள் இருபத்து நாலு நாளைக்கு ஒரு தடவை, காலை பத்தரை மணி வாக்கில் அந்த அணைக்கு மேலே போகும். அதே நேரத்தில் பரிசலில் போய்த் தண்ணீர் எடுக்க வேண்டும். நிறம் என்ன, காற்று எந்தப் பக்கம், வெள்ளைத் தகட்டைக் கயிற்றில் கட்டி இறக்கினால் எத்தனை அடி வரைக்கும் கண்ணுக்குத் தெரிகிறது என்றெல்லாம் தாளில் குறிக்க வேண்டும். படம் சொல்வது சரியா என்று பார்க்க அந்தத் தாள்தான் ஆதாரம். வானத்தில் மேகம் இருந்தால் மட்டும் படம் உதவாது. மேகம்தான் தெரியும்.

மேகம் மூடியிருக்கிறது, படம் வரப்போவதில்லை, போனாலும் ஒன்றுதான் போகாவிட்டாலும் ஒன்றுதான் என்று வேல்விழி தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பட்டுப்புடவையைக் கட்டினாள்.

சாயங்காலம் கல்யாணச் சாப்பாட்டோடு வீட்டுக்கு வந்த பிறகுதான் தாளைப் பற்றி யோசித்தாள். 'போகவில்லை' என்று எழுதினால் பேராசிரியர் ஏன் என்று கேட்பார். டாக்டர் பட்டத்துக்குப் பதிவு செய்ய அவர் கையெழுத்து இன்னும் ஆகவில்லை. போன தடவைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, அங்கங்கே ஒன்றிரண்டு எண்ணை மாற்றி எழுதினாள். 'நேரம் 10.35. காற்று இல்லை. தண்ணீர் தெளிவு. தகடு ஆறு அடி வரை தெரிகிறது.' போன தடவை எடுத்த தண்ணீரில் இரண்டு பாட்டில் மிச்சம் இருந்தது. பழைய லேபிளைச் சுரண்டிவிட்டுப் புது லேபிள் ஒட்டினாள். அதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அணையில் அவளுக்குப் பரிசல் போடுகிறவர் ராக்கையா. மீன் குத்தகைக்காரரிடம் காவல் வேலை பார்த்தவர். கரையிலேயே ஓட்டுக் குடிசை, மனைவி பஞ்சம்மாள். வேல்விழியின் தகடு, கயிறு, காலி பாட்டில்கள், பாசி கெட்டுப்போகாமல் இருக்க ஊற்றும் அயோடின் கரைசல் கேன் எல்லாம் அவருடைய குடிசையில்தான் இருக்கும். ஒவ்வொரு தடவையும் பஸ்ஸில் தூக்கிச் சுமக்க வேண்டாம் என்று அவரே சொல்லி வைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் மதுரையிலிருந்து பேராசிரியர் போன் பண்ணினார்.

"வேல்விழி, வியாழக்கிழமை நீ டேமுக்குப் போனேல்ல?"

"போனேன் சார்."

"தண்ணி எப்படி இருந்துச்சு?"

"தெளிவா இருந்துச்சு சார். உங்ககிட்டக் குடுத்த தாள்ல எழுதியிருக்கேன்."

"நல்லதாப் போச்சு. அன்னைக்குச் சாயங்காலம் அங்கன அஞ்சு மாடு செத்துப்போச்சாம். தண்ணியில விஷம் கலந்துட்டான்னு உன் பரிசல்காரரைப் போலீஸ் பிடிச்சிருக்கு. உன் தாளோட நகல் கேக்குறாங்க. நான் அனுப்பிடுறேன்."

அவள் "சரி சார்" என்றாள். அப்போதே சொல்லியிருக்கலாம். பேராசிரியர் ரிசீவரை வைப்பதற்கு முன்னால் ஒரு மூச்சு விடுகிற நேரம் இருந்தது. அந்த நேரத்தில் அவள் பேசாமல் நின்றாள்.

நடந்தது என்ன என்பது துண்டு துண்டாக அவள் காதுக்கு வந்தது. செத்த மாடுகளில் இரண்டு ஜக்கம்மாவுடையவை. புருஷன் இல்லாத ஜக்கம்மாவுக்குப் பால்தான் பிழைப்பு. மாடுகள் தென்கரையில் தண்ணீர் குடித்துவிட்டு ஏறி வந்தன, அரை மைல் நடப்பதற்குள் கால் பின்னி விழுந்தன, இருட்டுவதற்குள் செத்துவிட்டன. மாடு இறங்கி வலையைக் கிழிக்கிறது என்று ராக்கையாவுக்கும் ஜக்கம்மாவுக்கும் ஒரு மாசத்துக்கு முன்னால் பெரிய சண்டை நடந்திருந்தது. சம்பவத்தன்று காலை பத்து மணியிலிருந்து ராக்கையா தென்கரையில் பரிசலோடு தனியாக நின்றதை நாலு பேர் பார்த்திருந்தார்கள். மறுநாள் ஊரே குடிசைக்குள் நுழைந்தபோது காட்டமாக நெடியடிக்கும் பழுப்புத் தண்ணீர் ஒரு கேன் நிறைய இருந்தது. அதற்கு மேல் யாருக்கும் எதுவும் கேட்கத் தோன்றவில்லை. போலீஸ் வருவதற்குள் அவருக்கு முன்பல் இரண்டு போய்விட்டது.

ஸ்டேஷனில் அவர் ஒரே பதிலைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாராம். கேன் காலேஜ் பிள்ளையுடையது. அந்தப் பிள்ளை வருமென்றுதான் காத்து நின்றேன். அது அன்றைக்கு வரவில்லை. ஆனால் பேராசிரியர் கல்லூரி முத்திரையோடு அனுப்பிய தாளில் அவள் பத்து முப்பத்தைந்துக்கு வந்திருந்தாள். தண்ணீர் தெளிவாக இருந்தது. காலையில் தெளிவாக இருந்த தண்ணீர் சாயங்காலம் மாட்டைக் கொன்றது என்றால், நடுவில் கலந்தது யார்? அந்தத் தாளால் ராக்கையா பொய்யராகவும் ஆனார்.

பதினோரு நாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார். குத்தகைக்காரர் வேறு ஆளைப் போட்டுவிட்டார்.

அந்த நாட்களில் வேல்விழி என்ன செய்தாள் என்று கேட்டால், தினமும் மதுரைக்குப் போய் வந்தாள். சாப்பிட்டாள், தூங்கினாள். ஒருவேளை ராக்கையாவே எதையாவது கலந்திருக்கலாமே என்று நம்பப் பார்த்தாள். சில நாள் பஸ்ஸில் உட்கார்ந்தபடி அதை நம்பவும் செய்தாள். பெரியகுளம் தாண்டுகிற வரைக்கும் அந்த நம்பிக்கை நிற்கும். தேவதானப்பட்டி போர்டைப் பார்த்ததும் போய்விடும். அங்கே ஆள் ஏறும் வரை குனிந்து பைக்குள் எதையோ தேடுவதுபோல் இருப்பாள். நம்பிக்கை நிலைக்காததற்குக் காரணம் அவளுக்குத் தெரியும். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் ராக்கையா தேவதானப்பட்டி பூத்திலிருந்து அவளுக்கு போன் போட்டிருந்தார். "தாயி, தண்ணி ஒரு மாதிரி நாறுது. தென்கரை ஓரமாப் பச்சைப் பெயிண்டைக் கொட்டுனாப்புல படியுது" என்றார். "அடுத்து வாரப்பப் பாக்குறேண்ணே" என்று அவள்தான் சொன்னாள்.

ஐந்து வாரம் கழித்து ஹைதராபாத்திலிருந்து அந்த நாளின் செயற்கைக்கோள் படம் சி.டி.யில் வந்தது. பேராசிரியர் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் திறந்தார். கம்பம் பள்ளத்தாக்கின் தென்பாதி முழுக்க வெள்ளையாக மேகம். வடக்கே வர வர மேகம் கலைந்து, ஈச்சம்பாறைக்கு மேலே வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. சின்னமனூர் மாடியிலிருந்து அவள் பார்த்த மேகம் சின்னமனூருக்கு மேலேதான் இருந்திருக்கிறது.

அந்த வகைப் படத்தில் செடிகொடி எல்லாம் சிவப்பாகத் தெரியும். தண்ணீர் கறுப்பாகத் தெரியும். அணை கறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் தென்கரையை ஒட்டி ஒரு சிவப்புப் பட்டை, வயல் மாதிரி அடர்த்தியாக, தண்ணீருக்குள்ளேயே கிடந்தது.

"இதைத்தான் ஒரு வருஷமாத் தேடுறோம்" என்றார் பேராசிரியர். அவர் குரலில் சந்தோஷம் தெரிந்தது. பிறகு பக்கத்தில் இருந்த தாளை எடுத்துப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். "தண்ணி தெளிவுன்னு எழுதியிருக்க?"

"ஆகாயத்தாமரையா இருக்கும் சார்."

"போன படத்துல இல்லையே."

"ஒதுங்கி வந்திருக்கும் சார்."

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி. நீ நேர்ல பாத்தவ" என்று சொல்லிவிட்டு, படத்தின் ஓரத்தில் பென்சிலால் 'ஆகாயத்தாமரை?' என்று குறித்தார். அந்த நம்பிக்கை அவளைச் செருப்பால் அடித்ததுபோல் இருந்தது. அப்போதும் அவள் வாயைத் திறக்கவில்லை.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பஞ்சம்மாள் சின்னமனூருக்கு வந்தாள்.

இரண்டு பஸ் மாறி, விலாசம் கேட்டுக் கேட்டு வந்திருந்தாள். கையில் ஒரு உரச்சாக்குப் பை. வேல்விழியின் அம்மா முத்துலட்சுமி, வந்தவள் யாரென்று தெரியாமலே உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி போட்டுக் கொடுத்தாள். பஞ்சம்மாள் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள். வெள்ளைத் தகடு. அளவு முடிச்சுப் போட்ட கயிறு. காலி பாட்டில்கள் பதினொன்று.

"உன் சாமான் தாயி. கேன போலீஸ்காரக எடுத்துக்கிட்டாக. மத்ததெல்லாம் இருக்கான்னு பாத்துக்க. பாட்டிலு ஒண்ணு அன்னைக்கு வீட்டுக்குள்ள வந்தவுக மிதிச்சு ஒடஞ்சு போச்சு."

"இதுக்காகவா இம்புட்டுத் தூரம் வந்தீக?"

"தொலச்சிட்டோம்னு ஆயிரக்கூடாதுல்ல. நாங்க இப்ப எங்க அண்ணன் வீட்டோட இருக்கோம். எங்க வீட்டுக்காரக மலைக்குப் போயிட்டாக. கம்பத்துல இருந்து ஜீப்புல ஏத்திப் போறாகல்ல, ஏலத்தோட்டத்துக்கு, அங்கன."

முத்துலட்சுமிக்குப் பேச்சு கிடைத்துவிட்டது. "எம் மக ஆகாயத்துல இருந்தே தண்ணிய அளந்துருவா. சீக்கிரமே டாக்டர் பட்டம் வாங்கப்போறா" என்று பெருமையாகச் சொன்னாள். பஞ்சம்மாள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். காபி டம்ளரைக் கழுவிவைக்க எழுந்தவளை முத்துலட்சுமி தடுத்து வாங்கிக்கொண்டாள்.

பஸ் ஸ்டாப் வரைக்கும் வேல்விழி கூடவே நடந்தாள். முருங்கை மரத்து வீட்டைத் தாண்டும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். ரைஸ் மில்லைத் தாண்டும்போது நினைத்தாள். தேனி பஸ் தூரத்தில் திரும்புவது தெரிந்த பிறகுதான் பேச்சு வந்தது.

"அக்கா, நான் அன்னைக்கு வரல."

பஞ்சம்மாள் திரும்பினாள்.

"டேமுக்கு வரல. வந்ததா எழுதிட்டேன். தண்ணிய நான் பாக்கவே இல்ல. மாட்டக் கொன்னது பாசி. அண்ணன் ஒண்ணும் செய்யல. எனக்கு நல்லாத் தெரியும்."

பஸ் வந்து நின்றது. பஞ்சம்மாள் படியில் கால் வைத்துவிட்டு, கம்பியைப் பிடித்தபடி சொன்னாள்: "அவுக செய்யலன்னு எனக்கும் தெரியும். எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? யாருக்குத் தெரியலையோ அவுகள்ட்டப் போயிச் சொல்லு."

மறுநாள் காலை பேராசிரியர் வருவதற்கு முன்பே வேல்விழி அவர் அறை வாசலில் நின்றாள். எல்லாவற்றையும் சொன்னாள். கல்யாணம், மேகம், லேபிளைச் சுரண்டியது, ஆகாயத்தாமரை. அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுத் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்டேஷனுக்கு அந்த நகலை அனுப்புனது நான்" என்றார். "முத்திரை வச்சது நான். கிளம்பு. இப்பவே போகலாம்."

சப்-இன்ஸ்பெக்டர் அவள் வாக்குமூலத்தை எழுதி வாங்கும்போது இரண்டு தடவை நிறுத்தினார். "படிச்ச பிள்ளைதானம்மா நீ" என்று ஒரு தடவை கேட்டார். இன்னொரு தடவை ஒன்றும் கேட்காமல் அவளைப் பார்த்துவிட்டு எழுதினார். பேராசிரியர் படத்தை விரித்துச் சிவப்புப் பட்டையைக் காட்டி விளக்கினார். கால்நடை மருத்துவரும் வந்து, பாசி நஞ்சானால் மாடு இப்படித்தான் சாகும் என்று எழுதிக் கொடுத்தார். வழக்கு முடிய இரண்டு மாசம் ஆயிற்று. ஆனால் அன்றைக்கே அது செத்துப்போன வழக்குதான்.

ஊரில் சொல்வதுதான் பாக்கி. "அதுக்கும் நான் வரணுமா?" என்று பேராசிரியர் கேட்டார். வேண்டாம் என்றாள்.

ஈச்சம்பாறை மந்தையில் வேப்பமரத்தடியில் இருபது முப்பது பேர் கூடியிருந்தார்கள். பஞ்சம்மாளும் வந்து, கூட்டத்தோடு சேராமல் அடிபம்பு பக்கம் நின்றாள். வேல்விழி சுருக்கமாகச் சொன்னாள். பாசி பற்றி, கேனில் இருந்தது என்ன என்று, தான் வராதது பற்றி. 

ஜக்கம்மாதான் முதலில் எழுந்தாள். மெலிந்த, உயரமான பெண். "நீ வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"தண்ணியப் பாத்ததுமே தெரிஞ்சிருக்கும். மாட்ட இறக்காதீகன்னு ஊருக்குள்ள வந்து சொல்லியிருப்பேன்."

"எம் மாடு இருந்திருக்கும்."

"இருந்திருக்கும்."

"நான் அவரு வாயிலயே அடிச்சேன்" என்றாள் ஜக்கம்மா. "என் செருப்பக் கழட்டி. வயசுல மூத்த மனுசன். நான் செய்யல நான் செய்யலன்னு அந்தாளு சொன்னது எதுவுமே காதுல விழல எனக்கு. மாடு போனா இன்னொரு மாடு பிடிச்சிருவேன் ஆத்தா. அடிச்சதை எங்க போயி எடுக்க? என்னைய அடிக்க விட்டுட்டியே."

அவள் அழவில்லை. முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, கூட்டத்தைத் தாண்டி நேராக அடிபம்புக்குப் போனாள். பஞ்சம்மாள் முன்னால் போய் நின்றாள். என்ன சொன்னாள் என்று இங்கே கேட்கவில்லை. பஞ்சம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டது மட்டும் தெரிந்தது. கூட்டத்தில் இருந்த ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கலைந்தார்கள். வேல்விழியை ஒருவரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குக் குனிந்து நிற்கவாவது முடிந்திருக்கும்.

ராக்கையாவைப் பார்க்க அவள் கம்பத்துக்குப் போனது அடுத்த ஞாயிற்றுக்கிழமை. ஏலத்தோட்டத்து ஜனங்கள் சந்தைச் சாமான் வாங்க மலையிலிருந்து இறங்குகிற நாள். ஜீப் ஸ்டாண்டில் ஒவ்வொரு ஜீப்பாகப் பார்த்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நின்றாள். நாலாவது ஜீப்பின் பின்பக்கத்திலிருந்து இறங்கினார். இளைத்திருந்தார். வாயைத் துண்டால் லேசாக மறைத்துக்கொள்ளும் பழக்கம் வந்திருந்தது.

"அண்ணே."

அவர் நின்றார். ஓடிப்போகவும் இல்லை, கிட்டே வரவும் இல்லை.

"ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டேண்ணே. ஊருலயும் சொல்லிட்டேன். கேஸ் இனி நிக்காது."

"பஞ்சம்மா சொன்னா." கொஞ்சம் பொறுத்து, "அன்னைக்கு ஒரு மணி வரைக்கும் நின்னேன். பஸ்ஸு கிஸ்ஸு கவுந்துருச்சோன்னு பயந்து போயிட்டேன். வராம இருக்குற பிள்ளை இல்லையேன்னு" என்றார். "எங்க தாயி போயிருந்த?"

"இங்கனதாண்ணே. கம்பத்துல. ஒரு கல்யாணம்."

"யாருக்கு?"

"கூடப் படிச்ச பொண்ணுக்கு."

அவர் அதை மனசுக்குள் எடைபோடுவதுபோல் நின்றார். "பூத்துக்கு ஒரு போனப் போட்டுச் சொல்லியிருந்தா, நானும் வீட்டுக்குப் போயிருப்பேன்."

கோபமே இல்லாமல் சொன்னார்.  சந்தை நடுவில் நிற்கிறோம் என்றுகூடப் பார்க்காமல் வேல்விழி, "என்னைய மன்னிச்சிருங்கண்ணே" என்றாள்.

"அதக் கேக்காத. கேட்டா நான் சரின்னு சொல்லணும். இப்ப என்னால முடியல."

"ஊருக்குத் திரும்பி வந்துருங்கண்ணே. குத்தகைக்காரர்ட்ட சார் பேசுறேன்னு சொன்னாரு."

"அங்கன எப்பிடி இருக்க? அடிச்ச கை அத்தனையும் எனக்குத் தெரிஞ்ச கை. தினம் அந்தக் கையில டீ வாங்கிக் குடிக்கணும்ல." துண்டைச் சரிசெய்துகொண்டார். "நேரமாச்சு. அரிசி வாங்கணும்."

கூட்டத்துக்குள் அவர் தலை மறைகிற வரைக்கும் அவள் அங்கேயே நின்றாள்.

பேராசிரியர் அவளை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டார். அது அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் எடுத்துவிட்டார். அணையில் வேலை நிற்கவில்லை. புதிதாக வந்த பெண், செயற்கைக்கோள் வருகிற நாளில் தண்ணீர் எடுப்பதோடு, பாசி படிந்திருந்தால் அன்றைக்கே ஊரில் தண்டோரா போடச் சொல்லவும் ஏற்பாடு செய்தாள். அதற்குப் பிறகு அங்கே மாடு எதுவும் சாகவில்லை என்று கேள்வி. பேராசிரியருடைய கட்டுரை வெளிவந்தபோது அதில் அந்த வியாழக்கிழமைப் படம் இருந்தது. கீழே, அந்த நாளுக்கு நேரில் எடுத்த அளவு எதுவும் இல்லை என்று ஒரு வரி அச்சாகியிருந்தது. வேல்விழி அந்தப் பக்கத்தை ஒரு தடவைதான் பார்த்தாள்.

வீட்டில் அம்மாவிடம் உண்மையைச் சொல்ல அவளுக்கு மேலும் ஒரு வருஷம் பிடித்தது. சொன்ன அன்று முத்துலட்சுமி அடுப்பைப் பார்த்தபடியே கேட்டுவிட்டு, "அந்தப் பொம்பளைட்ட நான் என்னென்னமோ பேசினேனே" என்று மட்டும் சொன்னாள்.

சில வருஷம் கழித்து, 2008-ல், வேல்விழி உத்தமபாளையத்தில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சராக இருந்தாள். ஒருநாள் மத்தியானம் சின்னமனூர் திரும்பும் பஸ்ஸில், பரீட்சைத் தாள் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"நல்லாருக்கியா தாயி?"

ராக்கையா கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. பல் கட்டியிருந்தார். மலையைவிட்டு இறங்கி, மகள் வீட்டோடு கூடலூரில் இருப்பதாகச் சொன்னார். பஞ்சம்மாளுக்கு மூட்டு வலி என்றார். பேரன் பிறந்திருக்கிறான் என்றார். எல்லாவற்றையும் சாதாரணமாக, பழகின மனுஷர் சொல்வதுபோல் சொன்னார்.

"இப்பவும் படத்துல தண்ணியப் பாக்குறியா?"

"இல்லண்ணே. அதுல இப்ப நான் இல்ல. ஸ்கூல்ல பாடம் எடுக்குறேன்."

"நல்லது" என்றார். பக்கத்து இருக்கை காலியாயிற்று. அவர் உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே வாழைத்தோட்டம் ஓடியது.  அவர் மனசில் எதையும் வைத்துக்கொண்டு அல்ல, சும்மாதான் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அவளுக்குத்தான் அந்தச் சும்மா இருப்பதைத் தாங்க முடியவில்லை.

"நான் இங்கன இறங்கணும்ணே" என்று சொல்லி எழுந்தாள்.

அவள் இறங்க வேண்டிய இடத்துக்கு இன்னும் இரண்டு ஸ்டாப் இருந்தது. பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. வேல்விழி தாள் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, வெயிலில், ரோட்டோரமாகவே வீட்டை நோக்கி நடந்தாள்.